குடாவுக்குக் குடை இல்லை

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் பாலர் பள்ளி நடத்தும் சாந்தி டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் பளபளப்பான படப் புத்தகங்கள் நான்கு, கூடவே ஒரு படிவம். சின்னப் பிள்ளைகளோடு படப் புத்தகம் வாசிப்பது பற்றிப் புது ஆசிரியைகளுக்குப் பட்டறை வைக்கிறார்களாம். நான் போய்ப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"சார் முப்பது வருஷத்துக்கு மேல கீழ் வகுப்புதானே எடுத்தீங்க. உங்க அனுபவத்தைச் சொன்னா போதும் சார்" என்றார்.

புத்தகங்கள் நன்றாக இருந்தன. படிவத்தைப் பார்த்ததும்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் படத்தின் பெயர். வலது பக்கம் இரண்டு கட்டங்கள். சரியான சொல்லுக்கு ஒன்று. வேறு சொல், வேற்றுமொழிச் சொல், பதில் இல்லை என்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டம், அதில் சுழியம். வாயே திறக்காத பிள்ளையும், பார்த்ததைத் தன் வீட்டு மொழியில் சரியாகச் சொன்ன பிள்ளையும் ஒன்று என்கிறது அந்தப் படிவம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே கட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று அது பென்சிலால் கோடு போட்ட நோட்டில் இருந்தது. இன்று கணினியில் அச்சாகி வருகிறது. வேறு முன்னேற்றம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பத்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியராவதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் மூன்று ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன். ஆள் குறைந்த நாட்களில் செய்தி எடுக்கவும் அனுப்புவார்கள். அங்கே எனக்குக் கிடைத்த ஒரே பாடம், ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும், நமக்குப் புரிந்தபடி அல்ல என்பது. பிறகு வார இறுதிகளில் ஆசிரியர் பயிற்சி. கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைப்பது, வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை எங்கே வரும் என்பது, பாட்டு, உடற்பயிற்சி. பயிற்சி முடிந்ததும் மலாக்காவில் காஜா பெராங் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போட்டார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. எனக்குப் பாலர் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள். பெரும்பாலும் நகராட்சித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சலவைக்கடை, மளிகைக்கடைப் பிள்ளைகள் கொஞ்சம்.

பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரம் வரப்போகும் நாளை அறிவித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எந்தக் கூட்டமானாலும், மலாயில் சுதந்திரம் என்று பொருள்படும் "மெர்டேக்கா" என்ற மூன்று முழக்கம் இல்லாமல் முடிவதில்லை. கல்யாண வீட்டில்கூட யாராவது எழுந்து கத்துவார்கள்.

தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. பள்ளியில் இருந்த ஒரே படப் புத்தகம் அவருடைய மேசை இழுப்பறையில், பழுப்புத் தாள் அட்டை போட்டு, பூட்டுக்குள் இருக்கும். அது மதராசிலிருந்து வந்தது. புதன்கிழமை தோறும் அவரே அதை எடுத்து வந்து என் வகுப்பில் காட்டுவார். படத்துக்குக் கீழே அச்சிட்ட சொல்லை மறைக்க, பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று வைத்திருந்தார். ரோத்தான் பிரம்பின் நுனியால் படத்தை ஒருமுறை தட்டுவார். பிள்ளைகள் கோரஸாக "யானை" என்பார்கள். அட்டையை நகர்த்திச் சொல்லைக் காட்டுவார். அடுத்த பக்கம். ஒரு படம், ஒரு தட்டு, ஒரு சொல். முழுப் புத்தகத்தையும் பதினோரு நிமிடத்தில் முடிப்பார். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

"வாத்தியாரே, இந்த வயசுல பேச விட்டா வாய்தான் வளரும். சொல் வளராது" என்பது அவர் கொள்கை.

மாலை நேரங்களில் அவர் வேறு மனிதர். தெங்கேராவில் ஒரு காப்பிக்கடையின் பின் மேசையில், ஓய்வுபெற்ற மலாய்க் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவரோடு சதுரங்கம் ஆடுவார். காய்களுக்கெல்லாம் மலாய்ப் பெயர்தான். எதிராளியின் காயைத் தன் குதிரையால் வெட்டும்போது மேசை அதிர வைத்து "குடா மாக்கான்!" என்று கத்துவார். குதிரை தின்றுவிட்டது என்று அர்த்தம். குடா என்றால் மலாயில் குதிரை. நானே இரண்டு மூன்று தடவை பக்கத்து மேசையில் இருந்து கேட்டிருக்கிறேன். இதைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

வியாழக்கிழமைகளில் அவர் வட்டாரக் கூட்டத்துக்குப் போய்விடுவார். புத்தகத்தை ஈரம் படாமல் வெயிலில் காய வைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார். காய வைத்தேன். அதோடு, ஆறு ஆறு பிள்ளைகளாகப் பாயில் உட்காரவைத்து நடுவில் விரித்தும் வைத்தேன். எழுத்தை மறைக்கவில்லை. "இது என்ன?" என்று கேட்கவில்லை. "இதுல என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. செய்தி எடுக்கப் போகிறவன் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

ஒரு பக்கத்தில் மழைப் படம். தலைப்பாகைக்காரர் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். பக்கத்தில் அவருடைய குதிரை நனைந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியரின் கணக்கில் இந்தப் பக்கத்துக்குச் சொல் "மழை". பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒரே பக்கத்தில் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.

"அந்த ஆளு கெட்டவன் சார்."

"கெட்டவன் இல்லடா, மறந்துட்டான்."

"குதிரைக்குச் சளி புடிக்கும்."

"உன் மூக்கைத் தொடைடா மொதல்ல!"

இந்தச் சண்டையில் வாய் திறக்காத ஒரே பிள்ளை கமலா.

கமலா கம்போங் செட்டிப் பிள்ளை. பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே இருப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த வணிகர்களின் வழி வந்தவர்கள். கோவில், பூசை, பொங்கல் எல்லாம் உண்டு. வீட்டில் பேசுவது மலாய். அந்தக் காலத்தில் அங்கிருந்து யாரும் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. கமலாவின் அப்பா அனுப்பினார். நில அலுவலகத்தில் கிராணி. சேர்க்க வந்த அன்று என்னிடம் மலாயில்தான் பேசினார். வருடா வருடம் அம்மன் கோவில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறோம், குருக்கள் பாடுவது ஒன்றும் புரியவில்லை, தவறான இடத்தில் தலையாட்டுகிறோம், சின்னவளாவது சரியான இடத்தில் தலையாட்டட்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கமலா பேசவில்லை. கோரஸில் உதடு மட்டும் அசையும். மற்ற பிள்ளைகள் அவளை "ஊமைச்சி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை, அந்த மழைப் பக்கத்தில், விரலைக் குதிரையின் முதுகில் வைத்து மெல்லச் சொன்னாள்: "கெசியான் குடா."

பாவம் குதிரை. முப்பது பிள்ளைகள் பேசியதில் அவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

"ஆமா, பாவம் குதிரை. நனையுது" என்றேன். அவளைத் திருத்தவில்லை. அவள் சொன்னதைத் தமிழில் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் "பாவம் குடா" என்றாள். அதற்கடுத்த வாரம் "குடா நனையுது." இப்படி வாரத்துக்கு ஒரு சொல் தமிழாக மாறிக்கொண்டு வந்தது. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, மற்ற பிள்ளைகள் வழக்கமான சண்டையில் இருந்தபோது, எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து சொன்னாள்:

"குடாவுக்குக் கொடை இல்ல."

வீட்டுக்குப் போய் நோட்டில் அதை அப்படியே எழுதி வைத்தேன். நான்காம் வேற்றுமை உருபு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எதிர்மறை சரி. மலாய்க் குடாவும் தமிழ்க் குடையும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல விழும். அவள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பமில்லாமல் வைத்திருக்கிறாள். குதிரை என்ற ஒரு சொல்தான் பாக்கி. அடுத்த சில வாரங்களில் அதுவும் வந்திருக்கும்.

அடுத்த சில வாரங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை.

முதலாம் வகுப்பு அறையில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். அதனால் பாலர் வகுப்பை மேலிருந்து ஒருவர் வந்து சோதித்து, தேறாதவர்களின் பெயரை நீக்குவது என்று முடிவாகியிருந்தது. பத்துப் படம் காட்டுவார். ஆறு சரியாகச் சொன்னால் தேர்ச்சி. கோலாலம்பூரிலிருந்து வந்தார் அந்த அதிகாரி. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. நன்றாகப் படித்தவர், பார்க்கவும் கண்ணியமானவர். காலைக் கூட்டத்தில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். முடிக்கும்போது கையை உயர்த்தி "மெர்டேக்கா!" என்றார். பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள். கமலாவும் கத்தினாள். அந்த மலாய்ச் சொல்லுக்கு அன்று யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

பிறகு வகுப்பு. அதிகாரி நாற்காலியில், மடியில் நோட்டு. தலைமையாசிரியர் புத்தகத்தை ஏந்திப் பக்கத்தில் நின்றார், அட்டைத் துண்டும் ரோத்தானும் கையில். நான் சுவரோரம். கமலாவின் முறை வந்தது.

கப்பல் படம். "கப்பால்" என்றாள். அது மலாய். தமிழிலிருந்து அங்கே போன சொல். அதிகாரி சரி போட்டார். மாம்பழத்தை "மம்பெலாம்" என்றாள். அதுவும் மலாய். குழந்தை மழலை என்று நினைத்துச் சிரித்து அதற்கும் சரி போட்டார். பூனை, வீடு, குடை மூன்றையும் தமிழிலேயே சொன்னாள். வாத்தை மலாயில் "ஈத்தேக்" என்றாள், தப்பு. ஏணிக்கும் ஊஞ்சலுக்கும் பதில் இல்லை. யானை வந்தது.

"காஜா."

அதிகாரி நிமிர்ந்தார். "கஜம்! பலே! யார் சொல்லிக் கொடுத்தது?" என்று தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் அடக்கமாகத் தலை குனிந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே பெயர்ப்பலகையில் காஜா பெராங் என்று இருந்தது. மலாயில் சினங்கொண்ட யானை. அதை வாசித்துக்கொண்டுதான் அதிகாரி உள்ளே வந்திருப்பார்.

இத்தோடு ஆறு. தேறிவிட்டாள். கடைசியாக ஒரே ஒரு படம். மழைப் பக்கம், ரோத்தான் குதிரையைத் தட்டியது.

"குடா."

"குடையா? அது பக்கத்துல இருக்கு. இது என்ன?"

"குடா, சார்."

"இது?" என்று குடையைக் காட்டினார்.

"கொடை."

"அப்போ இது?"

"குடா."

"ரெண்டும் ஒண்ணா பாப்பா?"

கமலா என்னைப் பார்த்தாள். பாயில் உட்காரும்போது, ஒரு சொல் போதவில்லை என்றால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று பழக்கியவன் நான். சொன்னாள். தெளிவாக, சத்தமாகச் சொன்னாள்: "குடாவுக்குக் கொடை இல்ல, சார்."

"குடைக்குக் குடை இல்லையாம்!" என்று அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். மலாக்காவில் இருபது வருடம் இருந்தவர். முந்தின நாள் மாலைகூட "குடா மாக்கான்" என்று கத்தியிருப்பார். ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அட்டைத் துண்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் பேசினேன். "ஐயா, குடான்னா மலாயில குதிரை. பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கா."

"இது தமிழ்ப் பள்ளிதானே?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் ஏற்கனவே தேறியிருந்தாள். ஆனால் அச்சுப்பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அது மூன்று வருடப் பழக்கம். "அப்படின்னா காஜாவும் மலாய்தான் ஐயா. அதுக்குப் பலேன்னு சொல்லி மார்க்கு போட்டீங்களே. இந்த ஊர்ப் பேரே அதுதானே" என்றேன்.

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாங்க" என்றார் தலைமையாசிரியர். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அது.

அதிகாரி கோபப்படவில்லை. பென்சிலைத் திருப்பி, பின்பக்க ரப்பரால் யானைக்குப் போட்ட ஒன்றை அழித்தார். தூசியை ஊதினார். சுழியம் போட்டார். ஆறு, ஐந்தானது. குறிப்புக் கட்டத்தில் எழுதினார். நான் நின்ற இடத்திலிருந்து தலைகீழாக வாசித்தேன். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்த கண். "குதிரையைக் குடை என்கிறாள். மந்தம்." கப்பலையும் மாம்பழத்தையும் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குத்தான் புத்தி வந்தது.

அவர் போன பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். புத்தகத்துக்கு அட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"வாத்தியாரே, நீர் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த யானை அவளைக் கரை சேர்த்திருக்கும்."

"ஐயாவுக்குக் குடான்னா என்னான்னு தெரியும்."

"தெரியும். அதனாலதான் பேசலை. அவருக்குத் தெரியாதது எவ்வளவோ, அவ்வளவும் அந்தப் பிள்ளைக்கு லாபம். நீர் பாடம் நடத்தப் போனீர்."

நாற்பது வருடமாக இந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் கணக்கில் அவர் சொன்னது சரி. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுடைய இடத்தைப் பறித்த ரப்பரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு பிள்ளை தேறுவதற்கு அதிகாரியின் அறியாமையை நம்ப வேண்டியிருந்தது என்றால், அந்தச் சோதனைக்கு என்ன பெயர்? ஒரு பிள்ளை முழு வாக்கியம் சொன்னபோது அறையில் இருந்த பெரியவர்கள் மூன்று பேரில் ஒருவருக்குப் புரியவில்லை. ஒருவர் புரியாததுபோல் இருந்தார். புரிந்த மூன்றாமவன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். மந்தம் என்ற சொல் அந்த நோட்டில் தவறான பெயருக்கு எதிரே எழுதப்பட்டது.

கமலாவின் அப்பா மறுநாள் மதியம் வந்தார். அலுவலக உடையோடு, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு. நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. யானை அழிக்கப்பட்ட இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காஜா, தமிழ்ல என்னா, சிக்கு?" என்று மலாயில் கேட்டார். சிக்கு என்றால் ஆசிரியர்.

"யானை."

"யானை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மலாயில், "பூடாக் இனி தா போடோ, சிக்கு" என்றார். இந்தப் பிள்ளை மக்கு இல்லை. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு பத்திரத்தின் விவரத்தைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். கமலாவின் சிலேட்டை எடுத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் பார்க்கும்படி அதை மார்போடு அணைத்துப் பிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார். அடுத்த தவணையில் அவளை மலாய்ப் பள்ளியில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த நோட்டைத் திருத்தச் சொல்லி நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

அதன்பிறகு நான் பல பள்ளிகளில் இருந்தேன். எங்கே போனாலும் பாயை விரித்தேன். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதும் நோட்டு ஒன்று எப்போதும் இருந்தது. அதற்காக என்னைப் பாராட்டியவர் யாரும் இல்லை. இரண்டு தடவை விளக்கம் கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு வருடம் கம்போங் செட்டி அம்மன் கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை அணிந்த ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்து, அருகில் வந்து "சிக்கு?" என்றார். கமலா. மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாராம். மலாயில் பேசினோம். தமிழ் வரவில்லை என்றார். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றார். பங்கு பிரிக்கும்போது யாராவது விடுபட்டுப் போனால், கடைசித் துண்டுப் பலகாரம் ஒருவருக்குக் கிடைக்காமல் போனால், அவருடைய பிள்ளைகள் அதைத்தான் சொல்வார்களாம். மகளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். பதினைந்து வயதுப் பெண், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "குடாவுக்குக் கொடை இல்ல."

குருக்கள் பாடிக்கொண்டிருந்தார். கமலா ஓர் இடத்தில் தலையாட்டினார். அது சரியான இடமா என்று நான் பார்க்கவில்லை.

சாந்தி டீச்சரின் படிவத்தை நேற்றுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை, மற்ற இரண்டையும்விட அகலமாக, பேனாவால் வரைந்திருந்தேன். தலைப்பு: "பிள்ளை சொன்னது, சொன்னபடி." இது இருந்தால் பட்டறைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை என்றேன்.

"இவ்வளவு எழுதணும்னா டீச்சருங்க முனகுவாங்க சார். மேல கேட்டா என்னா சொல்றது?"

"நான் கோடு போட்டேன்னு சொல்லுங்க."

மாதிரிக்காக முதல் வரிசையை நானே நிரப்பியிருந்தேன். குதிரைப் படத்துக்கு எதிரே, நாற்பது வருடத்துக்கு முந்தைய என் நோட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தேன். டீச்சர் அதை வாய்க்குள் ஒருமுறை வாசித்தார்.

"குடாவுக்குக் கொடை இல்ல. குடான்னா குதிரைதானே சார்?"

"ஆமா."

"அப்போ பிள்ளை சரியாத்தானே சொல்லியிருக்கு" என்றார் அவர், கைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே. "இதுக்கு யாரு சார் சைபர் போடுவா?"